அப்பாவுக்குப் போட்ட வேட்டிகள்

காரைக்குடி
14.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

காரைக்குடிக்கும் கீழச்சிவல்பட்டிக்கும் நடுவில் எத்தனையோ பஸ் ஓடுகிறது. ஏறி உட்கார்ந்தால் ஒரு தூக்கம் போடுவதற்குள் ஊர் வந்துவிடும். அந்தத் தூரத்துக்கு நான் தபால்தலை ஒட்டி எழுத வேண்டியிருக்கிறது. என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டீர்கள். ஜவுளிக்கடைக்கு வந்தால் என்னைப் பார்த்ததும் குடோனுக்குள் போய்விடுகிறீர்கள். மதினியைக் கூப்பிட்டுக் கேட்டால், "உன் பேரையே எடுக்கக் கூடாதுன்னுட்டாக, நான் என்னத்தா பண்றது" என்கிறார். கடிதத்தை பிளாக் பண்ண முடியாது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

என்ன நடந்தது என்று என் வாயால் ஒரு தடவையாவது கேளுங்கள். மகளிர் குழு ஆண்டு விழாவில் நான் போட்டது பத்து நிமிஷ நகைச்சுவை நாடகம். பெயர் 'போர்த்தினது போதும்டா'. மீசை ஒட்டிக்கொண்டு நான் பிணமாகப் பெஞ்சில் கிடந்தேன். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கோடி வேட்டி போட்டார்கள். இடுப்பில் நிற்காத, தலை துவட்டக்கூட லாயக்கில்லாத, பளபளவென்று மின்னுகிற பாலியஸ்டர் வேட்டி. குவியல் மூக்குவரை வந்ததும் பிணம் பொறுக்கமாட்டாமல் வாயைத் திறக்கிறது.

"ஏப்பா, உசுரோட இருந்தப்ப ரெண்டு வேட்டிய மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். மூணாவதா ஒண்ணு எடுத்துக் குடுக்க ஒருத்தருக்கும் தோணல. இப்ப வந்து அமுக்குறீக. செத்தவனுக்கே வேர்க்குதுன்னா இது என்ன துணியப்பா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒரே ஒரு நாளுக்குத் துணியை வாங்கி மறுநாள் குப்பையில் எறிகிற கூத்தை நான் பிரசங்கமாகச் சொல்லியிருந்தால் பாதிப்பேர் எழுந்து சாப்பிடப் போயிருப்பார்கள். அதனால்தான் பிணத்தைப் பேச வைத்தேன். அதை யாரோ வீடியோ எடுத்துக் கொடுக்க, நானும் நெட்டில் போட்டேன். அது உங்கள் கடைக்கு வருகிறவர்கள் போனில் எல்லாம் ஓடும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அப்பாவைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டேன் என்று சொன்னீர்களாம். அது அப்பா இல்லை அண்ணே. நம்ம பக்கத்தில் எந்த வீட்டில் எழவு விழுந்தாலும் இதுதானே நடக்கிறது.

இப்போது எழுதுகிற காரியத்துக்கு வருகிறேன். நவம்பர் முப்பது ஞாயிற்றுக்கிழமை குன்றக்குடியில் மகிழினிக்கு மொட்டை எடுத்துக் காது குத்துகிறோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு இருக்கிற சொந்த மாமன் நீங்கள் ஒருவர்தான். பிள்ளை இப்போதே பொம்மையை மடியில் வைத்து "பாண்டி மாமா, அழமாட்டேன்" என்று ஒத்திகை பார்க்கிறாள். என் மேல் உள்ள கோபத்தை அவள் மேல் காட்டாதீர்கள்.

உங்கள் தங்கை,
சத்தியப்பிரியா


கீழச்சிவல்பட்டி
22.9.2025

சத்தியப்பிரியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கத்தான் எடுத்தேன். உன் மதினி பிடுங்கி வைத்துவிட்டாள்.

அது அப்பா இல்லை என்று எழுதியிருக்கிறாய். அப்பா இல்லையென்றால் தலைமாட்டில் எதற்கு மம்பட்டியைச் சாத்தி வைத்தாய்? எந்த வீட்டுப் பிணத்துக்கு மம்பட்டி வைக்கிறார்கள்? விடிந்தால் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போகிற ஆள் இந்த ஊரில் நம்ம அப்பா சேவுகப்பெருமாள் ஒருத்தர்தான். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடைக்கு வேட்டி எடுக்க வருகிறவன், "ஏன் பாண்டீஸ்வரா, இது கட்டுறதா, போர்த்துறதா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறான். கடைக்கு நான் அப்பா பெயர் வைத்திருக்கிறேன். நீ அந்தப் பெயரை வைத்துச் சிரிப்பு மூட்டுகிறாய்.

அப்புறம், அப்பா அப்படிப் பேசுவாகளா? நாலு வார்த்தை சேர்ந்தாற்போல அவுக பேசி நீ கேட்டிருக்கிறாயா? பேசினதெல்லாம் தண்ணியைப் பற்றித்தான். மழை வருமா, மடை திறந்தாச்சா, கண்மாய் நிறைஞ்சு கலுங்கு போகுதா. உன் பிணம் பட்டிமன்றத்தில் பேசுகிற மாதிரி பேசுகிறது.

ஆமாம், அப்பாவுக்குக் கோடி நிறைய விழுந்தது. விழ வேண்டும் என்றுதான் நானும் இருந்தேன். கோடி குறைந்தால் ஆளில்லாத பிணம் என்று ஊர் சொல்லும். ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நம்ம வயலில் அப்பாவோடு கூட நின்று வேலை பார்த்த சின்னக்கருப்பனை உனக்குத் தெரியும். அவன் அப்பன் காலத்தில் கோடி எடுக்க வழியில்லாமல் எழவு வீட்டுக்கு வெளியிலேயே நின்று அழுதுவிட்டுப் போவார்களாம். அன்றைக்கு சின்னக்கருப்பன் நேராக உள்ளே வந்து அப்பா மேல் வேட்டியைப் போட்டுக் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அந்த வேட்டி என் கடையில் எடுத்தது. விலை கம்மியாக இருந்ததால்தான் எடுத்தான். உன் நாடகத்தில் அவனையும் சேர்த்துத்தான் எல்லாரும் சிரித்தார்கள்.

வீடியோவை எடு. இனிமேல் அந்த நாடகத்தைப் போடமாட்டேன் என்று சொல். நான் வந்து பிள்ளையை மடியில் வைக்கிறேன். இல்லையென்றால் என்னை எதிர்பார்க்காதே.

பாண்டீஸ்வரன்


காரைக்குடி
29.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மம்பட்டி விஷயத்தில் உங்களிடம் மாட்டிக்கொண்டேன். பிணமாகப் படுக்கப் போகிறோமே, ஏதாவது தலைமாட்டில் வைக்கலாம் என்று யோசித்தபோது கை தானாக மம்பட்டியைத்தான் எடுத்தது. அப்பாதான். சரி.

சின்னக்கருப்பன் அண்ணனைப் பற்றி எழுதியிருந்தது சுருக்கென்று தைத்தது. ஆனால் அவர் இல்லாமையிலும் போட்டது ஒரு வேட்டி. காரில் வந்து இறங்கினவர்கள் எல்லாம் என்ன போட்டார்கள்? தனக்கு என்றால் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டாத துணியை, சாவுக்கு இது போதும் என்று கட்டாக வாங்கி வந்து வீசினார்கள். நான் சிரிக்க வைத்தது அவர்களைப் பார்த்து.

சிரிக்க வைத்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. நாடகம் முடிந்ததும் என்ன நடந்தது தெரியுமா? தலைவி வந்து எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார். செயலாளர் ஒன்று. சிறப்பு விருந்தினர் ஒன்று. விருந்தினரின் வீட்டுக்காரர் ஒன்று. நாடகத்தின் பெயரே 'போர்த்தினது போதும்டா'. அதே பளபளா பாலியஸ்டரை என் கழுத்துவரை குவித்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. நான் ஒட்டு மீசையோடு நின்று கும்பிட்டேன்.

வீடியோவுக்குக் கீழே வந்து விழுகிற கேள்விகளைப் பாருங்கள். "ரெண்டாவதா வந்து அழுகுற அக்கா கட்டியிருக்க சேலை செம, எந்தக் கடை?" "லிங்க் போடுங்க சிஸ்டர்." தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

என் வீட்டுக் கூத்தைக் கேளுங்கள். காதுகுத்துக்கு வருகிற பொம்பளைகள் எல்லாரும் ஒரே மாதிரி கத்தரிப்பூக் கலர் சேலை கட்ட வேண்டும் என்று என் மாமியார் ஒற்றைக்காலில் நிற்கிறார். போட்டோவில் நன்றாக இருக்குமாம். ஒரு தடவை கட்டினால் இரண்டாம் தடவை தொடாத சேலை. வேண்டாம் அத்தை என்றால், "உங்க அண்ணன் கடையிலதானத்தா எடுக்கச் சொல்லியிருக்கேன், வேற எவனுக்கோவா குடுக்குறேன்?" என்று என் வாயை அடைத்துவிட்டார். உங்களுக்கு ஆர்டர் வந்திருக்கும். எனக்கும் அதில் ஒன்று உண்டு. நாடகம் போட்டவளும் கத்தரிப்பூக் கலரில்தான் நிற்கப் போகிறேன்.

நான் ஏன் அந்த நாடகத்தை எழுதினேன் என்று உங்களிடம் சொன்னதில்லை. ஆனி மாதம் அப்பாவின் முதல் வருஷத் திதிக்கு வந்தபோது பழக்கத்தில் கண்மாய்ப் பக்கம் போனேன். தண்ணி வற்றிக் கிடந்தது. மடை வாயில் ஏதோ மின்னியது. கிட்டப் போய்ப் பார்த்தால் வேட்டிக்கரை. சுடுகாட்டில் அப்பா மேலிருந்து உருவிக் கண்மாய்க்கரையில் போட்டீர்களே, அது மழையில் அடித்துக்கொண்டு வந்து அங்கே சிக்கியிருக்கிறது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. சேறு இறுகிக் கிடந்தது. அத்தனை மாசம் வெயில், மழை, சேறு எல்லாம் பார்த்தும் நூல் இற்றுப்போகவில்லை. அப்பா விடிய விடிய காத்த மடையில் அப்பாவுக்குப் போட்ட துணி கிடக்கிறது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அழுதால் யாருக்கு என்ன? அதனால்தான் நாடகமாகப் போட்டேன்.

வீடியோவை எடுக்கமாட்டேன். நீங்களும் வந்தாக வேண்டும்.

உங்கள் தங்கை,
சத்தியப்பிரியா


கீழச்சிவல்பட்டி
8.10.2025

சத்தியப்பிரியாவுக்கு,

தீபாவளிச் சரக்கு வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. கட்டுப் பிரிக்க ஆள் இல்லை. நீண்ட கடிதம் படிக்க நேரமும் இல்லை.

மடையில் நீ பார்த்தது வேறு துணி. இந்த ஊரில் செத்தது நம்ம அப்பா ஒருத்தர்தானா? கண்டதையும் அப்பா தலையில் கட்டாதே. சாவு வீட்டுத் துணியை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும், நீ சொல்லித்தர வேண்டாம்.

சம்பந்தியம்மா சொன்ன கத்தரிப்பூச் சேலைக் கட்டு தயார். மாப்பிள்ளை மருதுபாண்டியை வந்து எடுத்துப் போகச் சொல்.

பெரியப்பா மகன் கோட்டைச்சாமியிடம் பேசிவிட்டேன். அவனும் உனக்கு அண்ணன் முறைதான். முப்பதாம் தேதி அவன் மடியில் பிள்ளையை உட்கார வை. தாய்மாமன் சீரைக் கடையிலிருந்து அனுப்பிவிடுகிறேன். குறை வைக்கமாட்டேன்.

இனி எழுதாதே.

பாண்டீஸ்வரன்


காரைக்குடி
26.10.2025

அண்ணனுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன்.

கோட்டைச்சாமி அண்ணன் நல்ல மனுஷன். ஆனால் மகிழினி பிறந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் சாப்பிடாமல் நின்றது அவரா? பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணி தொட்டு வைத்தது அவரா? கடை பொம்மைக்குச் சட்டை மாற்றுகிற மாதிரி மாமனை மாற்றச் சொல்கிறீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மருதுபாண்டி பயந்துபோய் டாக்டரிடம் போகலாமா என்றார்.

வீடியோவை எடுத்துவிட்டேன். போதுமா? தீபாவளி அன்று காலையில், எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்கு முன்னால் எடுத்தேன். பிள்ளை காதைவிட எனக்கு நாடகம் பெரிதில்லை. ஆனால் எடுத்து என்ன பிரயோஜனம்? அதற்குள் எவனோ என் பேரை வெட்டிவிட்டு, பின்னால் டங்குடக்கு என்று பாட்டைச் சேர்த்துப் போட்டிருக்கிறான். நான் சொன்ன சங்கதி எல்லாம் போய், பிணம் எழுந்து ஆடுகிற மாதிரி இருக்கிறது. ஊரெல்லாம் அதுதான் ஓடுகிறது. நான் போட்டது இல்லை, வேறு யாரோ கெடுத்தது இருக்கிறது.

இன்னொன்று நடந்தது. சிரிக்காதீர்கள். பெரிய ஜவுளிக்கடை ஒன்றிலிருந்து போன் வந்தது. "மேடம், உங்க காமெடி எங்க முதலாளிக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு, நம்ம கடை விளம்பரத்துக்கு நடிச்சுக் குடுக்கணும்" என்றான். என்ன நடிப்பு என்று கேட்டேன். பிணம் எல்லா வேட்டியையும் உதறிவிட்டு எழுந்து உட்காருமாம். அவர்கள் கடை வேட்டியைப் போட்டதும் "இப்பத்தான் நிம்மதி" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளுமாம். போனை வைத்துவிட்டேன். வைத்தபிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் ஆத்திரம் வந்தது. நான் யாரைக் கிண்டல் பண்ணினேனோ அவர்களுக்கே நான் சரக்காகிவிட்டேன். என்னதான் செய்தால் இந்த ஜனங்களுக்கு உறைக்கும் என்று தெரியவில்லை அண்ணே. திட்டினால் கேட்கமாட்டார்கள். சிரிக்க வைத்தால் சிரித்துவிட்டுக் கடைக்குப் போகிறார்கள்.

முடிவாகச் சொல்கிறேன். முப்பதாம் தேதி பிள்ளையைக் குன்றக்குடிக்குத் தூக்கிப் போவேன். மொட்டை எடுப்போம். நீங்கள் வந்து உட்காராவிட்டால் ஆசாரியைத் திருப்பி அனுப்பிவிட்டுக் காது குத்தாமல் மலையிறங்கிவிடுவேன். மாமியார் என்ன பேசுவார், சபை என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். பேசட்டும். வேறு மடியில் வைக்கமாட்டேன்.

சத்தியப்பிரியா


கீழச்சிவல்பட்டி
19.11.2025

தங்கச்சி பிரியாவுக்கு,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கசக்கிப் போட்டாச்சு. உன் மதினி, "பேசாம போனைப் போட்டுப் பேசுங்க, எதுக்கு இந்தக் கஷ்டம்" என்கிறாள். போனில் எனக்கு வராது. எழுதிவிடுகிறேன்.

இங்கே நல்ல மழை. கண்மாய் கரை தட்டி நிற்கிறது. அப்பா இருந்தால் சாப்பாடு இறங்கியிருக்காது, கரையிலேயே கிடந்திருப்பார். ஆனால் நம்ம மடையில் மட்டும் தண்ணி வரவில்லை. மடைப்பலகையை முழுசாகத் தூக்கியும் மூத்திரம் போகிற மாதிரி ஒழுகுகிறது. கண்மாய் நிறையத் தண்ணியை வைத்துக்கொண்டு கீழே நாற்று காய்கிறது. போன வருஷமும் இப்படித்தான் குறைச்சலாக வந்தது. பலகை பழுது என்று விட்டுவிட்டோம். ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எனக்கு மட்டும் நீ எழுதினதுதான் ஞாபகத்துக்கு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சின்னக்கருப்பன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். நான் கரையிலிருந்து கயிற்றைப் பிடித்தேன். முங்கி முங்கி இழுத்தான். முதலில் பாசி, அப்புறம் கருவேல முள், அதற்கப்புறம் துணி. ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொண்டு கயிறு மாதிரி வந்தது. வந்துகொண்டே இருந்தது. ஊர்க்காரர்கள் கரையில் நின்று பார்த்தார்கள்.

வேறு துணி என்று எழுதினேனே. அதில் ஒரு வேட்டியை விரித்துப் பார்த்தேன். மூலையில் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் அப்படியே ஒட்டியிருந்தது. 'சேவுகப்பெருமாள் ரெடிமேட்ஸ்'. எழுத்துகூட அழியவில்லை. நான்தான் அன்றைக்கு இருந்த அவசரத்தில் அதை உரிக்காமல் அப்பா மேல் போட்டேன், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா பெயர் மடையை அடைத்துக்கொண்டு கிடந்திருக்கிறது பிரியா. சின்னக்கருப்பனுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டான். "பெரியவரு இருந்தா நம்மள இந்தத் தண்ணிக்குள்ளயே முக்கியிருப்பாக" என்றான். சொல்லிவிட்டு மறுபடி முங்கினான். தண்ணி குபுகுபுவென்று பாய்ந்ததும் நான் கரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்று உன் மதினியிடம் சொல்லிவைக்காதே.

கடையை மூடிவிடுவேன் என்று நினைக்காதே. அதை வைத்துத்தான் சோறு. கோடி வேட்டிக் கட்டு இன்னும் குடோனில் கிடக்கிறது, அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. திருப்பி எடுக்கமாட்டேன் என்கிறான் வியாபாரி. பருத்தி வேட்டி மட்டும் வைத்தால் சின்னக்கருப்பன் மாதிரி ஆள் எழவுக்கு எப்படி வருவான்? வீட்டுக்கு ஒரு சின்னத் துண்டு போதும் என்று ஊர் முடிவெடுத்தால் சரியாகும். நேற்று கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். "வித்ததும் நீதான், வேணாம்னு சொல்றதும் நீதானா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, கலுங்கு ரிப்பேரைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள். நீ சொன்ன ஆத்திரம் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

முப்பதாம் தேதி வருகிறேன். கோட்டைச்சாமியிடம் சொல்லிவிட்டேன், அவனும் கூட வருகிறான், சாப்பிட. சீர்த்தட்டில் பழம், பாக்கு, தோடு இருக்கும். துணி என்று பிள்ளைக்கு ஒரு பாவாடை சட்டை, அவ்வளவுதான். நல்ல பருத்தி, தையலுக்குள் துணி விட்டுத் தைக்கச் சொல்லியிருக்கிறேன். பிரித்து விட்டால் இரண்டு வருஷம் போடலாம். தட்டு காலியாகத் தெரிகிறது என்று உன் மாமியார் முகத்தைத் தூக்குவார். நீ பார்த்துக்கொள். கத்தரிப்பூச் சேலைக்கு நான் ஒன்றும் பண்ண முடியாது, அது எப்போதோ கட்டுக் கட்டித் தயாராகிவிட்டது.

வீடியோவை எடுத்ததாக எழுதியிருந்தாய். மறுபடி போடு. ஆனால் பழசை அப்படியே போடாதே, எனக்கு இன்னும் அதன் மேல் கோபம் போகவில்லை. பிணத்தை அவ்வளவு பேச விடாதே. வேர்க்குது, அமுக்குது என்பதெல்லாம் உன் பேச்சு, அப்பா பேச்சு இல்லை. எல்லாரும் போட்டு முடிக்கிற வரைக்கும் அவுக சும்மா கிடக்கட்டும். கடைசி ஆளாக மகன் வந்து ஒரு வேட்டி போடட்டும். ஸ்டிக்கரோடு போடட்டும். நீ கூப்பிட்டால் அந்த மகனாக நானே வந்து நிற்கிறேன், எனக்கு வசனம் வேண்டாம்.

அந்த வேட்டி மேலே விழுந்ததும் அவுக எந்திரிக்கட்டும். எல்லாத் துணியையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, யாரையும் பார்க்காமல், தலைமாட்டில் இருக்கிற மம்பட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, "மடை அடைச்சுக் கிடக்கு, வாங்கடா" என்று சொல்லிவிட்டு நடக்கட்டும். அதோடு திரையைப் போட்டுவிடு. அவுக வேறு ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாக.

உன் அண்ணன்,
பாண்டீஸ்வரன்